ஹூ என்று எழுதிய பக்கம்

மகனே, முதலில் ஸலாம். ஸலாம் சொன்ன வாயால் கோபப்படக் கூடாது என்று எனக்கு யாரும் ஓதித் தரவில்லை, ஆகவே இரண்டையும் ஒரே கடிதத்தில் வைக்கிறேன். நீயும் மருமகளும் மெல்பேர்னில் நல்லபடியாக இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. வீட்டுப் படமும் வந்தது. குளிருக்கு நீ போட்டிருக்கும் தொப்பி உனக்குப் பொருந்தவில்லை. பதிலுக்கு நான் அனுப்பியது ஒரு பெருவிரல் படம் மட்டும்தான். "வாப்பாக்கு என்ன, ஒண்டும் கதைக்கிறாரில்ல" என்று பக்கத்து வீட்டில் போன் போட்டுக் கேட்டாயாம். கதைக்க நிறைய இருக்கிறது. வட்ஸ்அப்பில் எழுதினால் அடுத்த நிமிடமே எழுத்துப் பிழையைத் திருத்தி எனக்கே அனுப்புவாய். அதனால்தான் பேனையால் எழுதி, நம் கற்பிட்டி வாலிபர்கள் நடத்தும் சஞ்சிகைக்குக் கொடுத்திருக்கிறேன். அச்சில் வந்தபிறகு உன்னால் ஒன்றும் செய்ய முடியாது. படித்த பிள்ளைகள் வாய்த்த மற்ற வாப்பாமாரும் வாசிக்கட்டும்.

நீ பயணம் போன அன்று காலை என்ன நடந்தது என்று உனக்கு நினைவிருக்குமோ தெரியாது. உனக்கு அது சின்ன விஷயம். பெட்டிகள் வாசலில் இருந்தன, வேன்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். நீ என் வேலை அறைக்குள் வந்து, நீல அட்டை போட்ட அந்தப் பழைய கொப்பியை என் கையில் வைத்தாய். "வாப்பா, அலுமாரி துப்பரவாக்கேக்க கிடைச்சிச்சு. மூணு நாளா இருந்து எல்லாம் சரிபண்ணித் தந்திருக்கன். இனி நீங்க பிழையில்லாம பாடலாம்" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பெருநாளைக்கு உடுப்பு எடுத்துக் கொடுப்பவனின் முகம். நான் விரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கமும் சிவப்பாக இருந்தது. "நல்லம்" என்றேன். நீ என் கையை முத்தமிட்டுவிட்டு வேனில் ஏறினாய்.

அது என்ன கொப்பி என்று நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காததில் உன்னை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன், நானும் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், கேள். மன்னாரில் நான் ரேடியோ திருத்திக்கொண்டிருந்த கடையும், தாசன் கசெட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்த ரெக்கோடிங் பாரும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தன. தாசன் வேதக்காரப் பொடியன், கிறிஸ்தவன், என் வயது. அவனுடைய நானா, மூத்த சகோதரர், கப்பலில் வேலை செய்தவர்; வரும்போதெல்லாம் வெளிநாட்டு இசைத்தட்டுகள் கொண்டுவருவார். ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டு தொடங்கியது. நான் இங்கே ஒரு ரேடியோவைக் கழற்றி மேசையில் பரப்பியிருந்தேன். ஓர்கன் சத்தம், காற்றுச் சத்தம், பிறகு கிட்டார். நாலைந்து நிமிடமாகியும் யாரும் வாயைத் திறக்கவில்லை. பாடகர் வராத பாட்டா என்று நான் எட்டிப் பார்த்தபோது, தாசன் கண்ணை மூடிக்கொண்டு கையைக் காட்டினான், பொறு என்று. அதற்குப் பிறகுதான் அந்தக் குரல் வந்தது. பாட்டு முடிய இருபத்தைந்து நிமிடம் ஆனது. கழற்றிய அந்த ரேடியோவை அன்று நான் திரும்பப் பூட்டவில்லை.

தாசன் எனக்கு அதைக் கசெட்டில் பதிந்து தந்தான். தட்டோடு வந்த அட்டையில் பாட்டின் சொற்கள் அச்சாகியிருந்தனவாம், அந்த அட்டையை அவனுடைய நானா வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். பாட்டின் பெயர் தாசனுக்கும் தெரியவில்லை. கசெட்டின் முதுகில் தமிழில் "நீளப் பாட்டு" என்று எழுதித் தந்தான். ஆக, எனக்கு இருந்தது என் காது மட்டும். ரேடியோ திருத்துகிறவனுக்குக் காதில் ஒரு பெருமை உண்டு. எந்த இடத்தில் இரைகிறது, எந்த இடத்தில் அறுகிறது என்று பெட்டியைத் திறக்காமலே சொல்லுவேன். அந்தக் காதை வைத்துக்கொண்டு, பத்தாம் வகுப்போடு நின்ற என் இங்கிலீசையும் வைத்துக்கொண்டு, அந்தப் பாட்டைக் கேட்டேன். ஒரு ஆள் கடலோரம் நடக்கிறான், யாரையோ தேடுகிறான். நடுவில் ஒரு இடத்தில் தாளம் மாறுகிறது. நம் ஆட்கள் நாலு நாலாகக் கைதட்டுவோமே, அது அங்கே ஒத்துவராது. எண்ணி எண்ணிப் பார்த்தேன், ஏழு. கஃபாவை ஏழு தரம் சுற்றுவது எனக்கு நினைவு வந்தது. ஹஜ்ஜுக்குப் போக அன்றும் வழியில்லை, இன்றும் போகவில்லை. ஏழு ஏழாகச் சுற்றிச் சுற்றி அந்த ஆள் களைத்துப் போகிறான். கடைசியில் எல்லா வாத்தியமும் நின்றுவிட, குரல் மட்டும் ஒரு சொல்லை இழுத்து இழுத்துச் சொல்கிறது. ஹூ. ஹூ. ஹூ. அப்படியே தேய்ந்து முடிகிறது.

வியாழன் பின்னேரங்களில் எங்கள் பள்ளிவாசலில் ராத்தீபு நடக்கும். சின்ன வயதிலிருந்து அங்கே வட்டமாக இருந்து இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லி, திக்ரு செய்து வளர்ந்தவன் நான். ஹூ என்றால் அவன். அரபியில் அவ்வளவுதான், அவன். பெயர்கூடச் சொல்லத் தேவையில்லாமல், மூச்சை விட்டாலே சொல்லிவிடலாம். உலகத்தின் அந்தக் கோடியில் நீளமுடி வளர்த்த ஒரு வெள்ளைக்காரன் இருபத்தைந்து நிமிடம் தேடியலைந்துவிட்டு அதே சொல்லில் வந்து விழுகிறான் என்றால், எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். பாட்டுக் கேட்பது ஆகுமா ஆகாதா என்று என்னோடு வாதாட வராதே, அந்தக் கதை வேறு. ஐந்து நேரமும் தொழுதுவிட்டுத்தான் அதைக் கேட்டேன். தொழுகையில் சில நாள் மனம் நிற்காது. அந்தப் பாட்டின் கடைசி இரண்டு நிமிடத்தில் நின்றது. இதை உன் உம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

பிறகு தொண்ணூறு வந்தது. முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று துவக்குக்காரர்கள் சொன்ன கதை உனக்குத் தெரியும். வருஷாவருஷம் நினைவுக் கூட்டத்தில் கேட்டு வளர்ந்தாய். கடற்கரையில் சாமான்களைச் சோதித்தார்கள். என் ரேடியோவை எடுத்துக்கொண்டார்கள். சாரத்து மடியிலிருந்த கசெட்டை ஒருவன் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "என்ன இது?" என்றான். "பாட்டு" என்றேன். "எந்தப் படம்?" "படமில்ல தம்பி, நீளப் பாட்டு." முதுகிலிருந்த எழுத்தை வாசித்துவிட்டுச் சிரித்தான். "கொண்டு போ" என்று திருப்பித் தந்தான். எங்கள் வீட்டிலிருந்து கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தவை உன் உம்மா, அவள் இடுப்பில் ஒன்றரை வயதில் எங்கள் மூத்த மகள், உன் ராத்தா, இரண்டு உடுப்பு மாற்று, அந்தக் கசெட். வள்ளத்தில் எண்பது பேருக்கு நடுவில் ஒருக்களித்து இருந்துகொண்டு, ஏழு ஏழாக எண்ணிக்கொண்டு வந்தேன். பக்கத்திலிருந்தவர் நான் ஆட்களை எண்ணுகிறேன் என்று நினைத்தார்.

கேம்பில் கிடுகுக் கொட்டில். கசெட் இருந்தது, போட்டுக் கேட்கப் பெட்டி இல்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் இல்லை. அந்த நாட்களில்தான் யாரோ பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பகிர்ந்த கொப்பிகளில் ஒன்றை எடுத்து, பாட்டை மறந்துபோய்விடுவேனோ என்ற பயத்தில், நினைவில் இருந்தபடி எழுதத் தொடங்கினேன். இடது புறத்தில் பாட்டின் வரி, தமிழ் எழுத்தில். வலது புறத்தில் அதற்கு நான் கண்ட பொருள். ஒரு வரிக்கு ஒரு பக்கம். பொருள் என்று நான் எழுதியது பாட்டின் பொருள் மட்டுமல்ல என்று நீ கண்டிருப்பாய். தண்ணீர் வரிசையில் நடந்த சண்டை அதில் இருக்கிறது. உப்பளத்தில் கூலிக்கு நின்று கால் வெடித்தது இருக்கிறது. இந்த ஊர்க்காரர் ஒருவர் தன் வளவில் எங்களுக்குக் கிணறு திறந்துவிட்டது இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று நடக்கும், அதை எந்த வரிக்கு எதிரே எழுதலாம் என்று பார்ப்பேன். வரிக்கு எதிரே வைத்துவிட்டால் அதைத் தாங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இனி உன் சிவப்புப் பேனைக்கு வருகிறேன். வேலை அறையிலிருந்த பழைய பெட்டியில் கசெட்டைப் போட்டு, உன் கைபேசியை அதற்குக் கிட்டப் பிடித்திருக்கிறாய். நான் இத்தனை வருஷம் பெயர் தெரியாமல் வைத்திருந்த பாட்டுக்குக் கைபேசி கண்ணை மூடித் திறப்பதற்குள் பெயர் சொல்லியிருக்கிறது. அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். எனக்கு அது நீளப் பாட்டுதான். பிறகு சரியான சொற்களை எடுத்து, என் பிழைகளை ஒவ்வொன்றாக வெட்டியிருக்கிறாய். நான் லோர்ட் என்று எழுதி இறைவன் என்று பொருள் போட்ட இடத்தில் லோட் என்று திருத்தி, சுமை என்று எழுதியிருக்கிறாய். நான் ப்ரே என்று எழுதி வணங்குகிறேன் என்று கண்ட இடத்தில், உச்சரிப்பு அதுதான், எழுத்து வேறு, இரை என்று பொருள் என்கிறாய். வேட்டையில் பிடிபடுகிற இரை. அப்படி நாற்பதுக்கு மேல். ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பும் போட்டிருக்கிறாய்: பாட்டை எழுதியவர் ஒரு பேட்டியில் சொன்னாராம், குழுவை விட்டு விலகிப்போன மேளக்காரன்மீது இருந்த கோபத்தில் எழுதினாராம். கடைசியில் வருவது அரபி ஹூ அல்ல, இங்கிலீசில் யார் என்று கேட்கும் ஹூவாம். யார், இனி யார் தாளத்தைத் தாங்குவார் என்று கேட்கிறாராம். ஏழு ஏழாக வரும் அந்தத் தாளமே விலகிப்போன மேளக்காரன் கண்டுபிடித்ததாம்.

ஆக, கேம்பில் கிடந்த காலமெல்லாம் நான் திக்ரு என்று நினைத்துக்கொண்டிருந்தது, ஒரு மேளக்காரன் இல்லாத குறையைச் சொல்லும் அறிவித்தலை. இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. நீயும் சிரித்திருப்பாய். சிரிப்பதில் தப்பில்லை.

ஆனால் ஒரு பக்கம் இருக்கிறது. கடைசியிலிருந்து மூன்றாவது. இடது புறத்தில் ஹூ என்று மட்டும் எழுதியிருந்தேன். வலது புறத்தில் ஒரே ஒரு வரி: "ஹூ எடுத்தான். ஹூ வைத்திருக்கிறான்." கீழே ஒரு திகதி. நீ அதற்குக் கீழே சிவப்பில் எழுதினாய்: "இங்கே அவன் என்பது பொருந்தாது. யார் என்றுதான் வாசிக்க வேண்டும்." உனக்கு ஒரு ராத்தா இருந்தாள், கேம்பில் காய்ச்சலில் மவுத்தானாள் என்பது உனக்குத் தெரியும். அந்தத் திகதி அவளை அடக்கிய நாள் என்பது உனக்குத் தெரியாது. நான் பெயர் எழுதவில்லை, எழுதக் கை வரவில்லை. இப்போது உன் திருத்தத்தின்படி அந்த வரியை வாசித்துப் பார். யார் எடுத்தான்? யார் வைத்திருக்கிறான்? மருந்து வரவில்லையே, அந்தப் பாதையில் வாகனம் கிடைக்கவில்லையே, நாங்கள் ஊரில் இருந்திருந்தால் ஆஸ்பத்திரி நடை தூரமாச்சே என்று அன்று என் வாயில் வந்த கேள்வி அதுதான். அந்தக் கேள்வியை வாயிலேயே வைத்திருந்தால் நான் யாரையாவது கொன்றிருப்பேன், அல்லது களப்புத் தண்ணீரில் இறங்கியிருப்பேன். அந்த ஒரு சொல்லை நான் பதிலாக எடுத்துக்கொண்டதால்தான் எழும்பி நடந்தேன், உன் உம்மாவை எழுப்பினேன், பிறகு நீ பிறந்தாய். என் பதிலை வெட்டிவிட்டு அதே இடத்தில் என் கேள்வியைத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். உனக்கு இலக்கணம் சரியாக இருக்கிறது.

நீ போன பிறகு ஒரு கிழமை உன்னை மனதுக்குள் ஏசிக்கொண்டே இருந்தேன். படிப்பித்தது பிழை என்று நினைத்தேன். பட்டம் வாங்கிய பிள்ளையால் வாப்பாவின் கொப்பியில் என்ன இருக்கிறது என்று வாசிக்கத் தெரியவில்லை, எழுத்துக்களை மட்டும் வாசிக்கத் தெரிகிறது என்று நினைத்தேன். பேப்பரில் இப்படி ஒரு கடிதம் எழுதி உன் மானத்தை வாங்க வேண்டும் என்றும் நினைத்தேன். பேனையை எடுத்து உட்கார்ந்தபோது உன் உம்மாவின் ஞாபகம் வந்தது. அங்கேதான் நான் மாட்டுப்பட்டேன்.

உனக்கு அப்போது ஆறு வயது. இன்னும் கொட்டிலில்தான் இருந்தோம். நீ ஓதப் போன பள்ளியில் ஹஸ்ரத் ஒரு சின்ன துஆ ஓதிக் கொடுத்திருந்தார், பாடம் தொடங்க முன் பிள்ளைகள் எல்லோரும் ஓதுவது, அறிவைப் பெருக்கித் தரச்சொல்லிக் கேட்பது. நீ பாயில் இருந்து அதை ஓதிக்கொண்டிருந்தாய். கடைசிச் சொல் இல்மா. அறிவு. பக்கத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்த உம்மாவும் உன்னோடு சேர்ந்து ஓதினாள். அந்தத் துஆ அவளுக்கு ஏற்கெனவே தெரியும், அவளுடைய உம்மா வாயால் சொல்லிக் கேட்டுப் பழகியது. கேம்புக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு மஃரிபுத் தொழுகைக்குப் பிறகும் அதை ஓதிக் கையேந்துவாள், நான் கண்டிருக்கிறேன், கவனித்ததில்லை. அன்றுதான் கவனித்தேன். நீ இல்மா என்றாய், அவள் இல்லமா என்றாள். நான் ஒரு ரேடியோவுக்குள் தலையை விட்டிருந்தேன். என் காது விடுமா? "அது இல்லமா இல்ல, இல்மா. அறிவு எண்டு அர்த்தம். ஆறு வயசுப் புள்ள சரியாச் சொல்லுது, நீ என்ன சொல்றாய்?" என்றேன். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

அவள் கையிலிருந்த மீனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப இது வீட்டக் கேக்கிற துஆ இல்லையா?" என்றாள். மன்னாரில் எங்கள் வீட்டு முகப்பில் சீமெந்தில் நூர் இல்லம் என்று எழுதியிருந்தது. கொத்தனாரிடம் நின்று எழுத்தைச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். அந்த இல்லத்தைத்தான் அவள் அந்தத் துஆவில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், ஒவ்வொரு நாளும், அத்தனை வருஷமாக. நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த இடத்திலாவது வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "வீட்டுக்கு வேற துஆ கேக்கோணும். இது படிக்கிற புள்ளகளுக்கு" என்றேன். அவள் மீண்டும் மீனை எடுத்தாள். "எனக்குத் தெரியாமப் போச்சு" என்றாள். அதற்குப் பிறகு மவுத்தாகும்வரை அவள் வாய்விட்டு எதையும் ஓதி நான் கேட்டதில்லை. உதடு அசையும், சத்தம் வராது. கேட்டால், "பிழை வந்திடும்" என்பாள்.

பல வருஷம் கழித்து இந்தக் கல்வீடு கிடைத்தது. கதவுத் திறப்புக் கையில் வந்த அன்று பக்கத்துப் பெண்டுகள் எல்லோரும் அவளைச் சூழ்ந்து நின்றார்கள். "உங்கட துஆதான் கபூலாகியிருக்கு" என்று ஒருத்தி சொன்னாள். உம்மா என்னைப் பாராமலே பதில் சொன்னாள்: "நான் எங்க வீட்டக் கேட்டன்? அறிவத்தானே கேட்டிருக்கன். அதெல்லாம் இவருக்குப் போய்ச் சேர்ந்திட்டுது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் வேடிக்கை என்று எடுத்துக்கொண்டேன். உன் கொப்பித் திருத்தம் கையில் வரும்வரைக்கும் அது வேடிக்கைதான் எனக்கு.

இந்தப் பேனையை உன் கையில் தந்தது யார் என்று இனிக் கேட்கத் தேவையில்லை. பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளைக் காட்டி "எங்க பிழை, சொல்லு பாப்பம்" என்று கேட்டவன் நான். நீ பிழை கண்டுபிடித்தால் பாலாவியில் இறங்கி ஐஸ்கிறீம் வாங்கித் தந்தவன் நான். ஏழாம் வகுப்பில் நீ ஒரு பாட்டு எழுதிக்கொண்டு வந்து காட்டினாய், மழையைப் பற்றி. நான் முதலில் பார்த்தது ஒற்றுப் பிழையை. நீ அதற்குப் பிறகு பாட்டு எழுதவில்லை, எனக்கும் அது குறையாகத் தெரியவில்லை. பிழையைத் திருத்துவதுதான் அன்பு என்று நான் உனக்குக் கற்றுக் கொடுத்தேன், நீ நன்றாகப் படித்துக்கொண்டாய். போகிற அன்று என்மேல் இருந்த அன்பையெல்லாம் மூன்று நாள் உட்கார்ந்து சிவப்பு மையில் எழுதி வைத்தாய். இதில் உன்னை எப்படி ஏசுவது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அரைகுறையாகச் சொன்னால் அதுவும் பொய்தான். எனக்கு உள்ளுக்குள் சந்தேகம் இருந்தது. இந்தக் கரைக்குப் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்களில் ஒருவர், தலை நரைத்தவர், நாலைந்து வருஷத்துக்கு முன் ஸ்பீக்கர் ஒன்றைத் திருத்தக் கொண்டுவந்தார். வேலையை முடித்துச் சோதிக்கும்போது அவருடைய போனிலிருந்து வந்தது அந்த ஓர்கன் சத்தம். நீளப் பாட்டேதான். அவர் சின்னக் குரலில் கூடவே பாடிக்கொண்டிருந்தார், எல்லாச் சொல்லும் தெரிந்தவர். கடைசியில் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் முடிந்திருக்கும். பாட்டு அங்கே வர முன் நான் ஸ்பீக்கரை நிறுத்தி, வயரைச் சுற்றி, கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். தெரிந்துகொள்ள எனக்குப் பயமாக இருந்தது. தெரியாமல் இருப்பது என் உரிமை என்று நினைத்தேன். உன் உம்மாவுக்கு அந்த உரிமையை நான் கொடுக்கவில்லை.

இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது, இனித் தெரியாமல் இருக்க முடியாது. போன கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கசெட்டைப் போட்டேன். கடைசிப் பகுதி வந்தது. கண்ணை மூடினேன், மூச்சை விட்டேன். அந்த மனிதன் கேட்கிறான்: யார், யார், யார். எவ்வளவு முயன்றும் மற்றது கேட்கவில்லை. தொண்டை காயக் காய ஒருத்தன் இல்லாத மேளக்காரனைத்தான் கூப்பிடுகிறான். இடையில் நிறுத்தினேன். என் கசெட்டை நான் இடையில் நிறுத்தியது அதுதான் முதல் தரம்.

நீ இனி ஒரு வீட்டுக்குத் தலைவன். அங்கே உன் மனைவி ஏதாவது ஒன்றைப் பிழையாகச் சொல்லுவாள், நாளைக்குப் பிள்ளை பிறந்தால் அதுவும் சொல்லும். நீ படிப்பிக்கும் வகுப்பில் இருக்கிற மாணவர்கள் சொல்லும்போது திருத்து, அதற்குத்தான் சம்பளம். வீட்டில் யாராவது ஒரு பிழையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தால், அதைப் பறிக்க முன், எதற்காகப் பிடித்திருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேள். நான் கேட்காததால் உன் உம்மாவின் சத்தம் போய்விட்டது. நீ கேட்காததால் எனக்கு என்ன போனது என்று சொல்லிவிட்டேன். இந்தக் கணக்கை நம்மோடு முடித்துக்கொள்வோம், உன் பிள்ளைவரைக்கும் இதைக் கொண்டுபோகாதே.

மன்னித்துவிட்டேனா என்று கேட்பாய். உன்னை மன்னிக்கலாம் என்றுதான் நினைக்கிறேன், இன்றைக்கு முடியவில்லை. என்னை மன்னிக்க வேண்டியவள் வாய் திறக்க மாட்டாள். வெள்ளிக்கிழமைகளில் அவளுடைய கபுறடிக்குப் போகும்போது அவளுடைய துஆவை அவள் சொன்னமாதிரியே சொல்லிப் பார்க்கிறேன், இல்லமா என்று. ஹஸ்ரத் கேட்டால் திருத்துவார். திருத்தட்டும். அவளுடைய குரல் எனக்கு வேறு எதிலும் ஞாபகம் வருகிறதில்லை.

கொப்பியை நீ கேட்டிருந்தாய், போன் மூலம் படமெடுத்து வைக்கவேண்டும், அங்கே உன்னோடு வேலை செய்கிறவர்களுக்குக் காட்டவேண்டும் என்று. பதிவுத் தபாலில் இன்று காலை அனுப்பிவிட்டேன். எல்லாப் பக்கத்திலும் உன் திருத்தம் அப்படியே இருக்கிறது, நான் கை வைக்கவில்லை. கடைசியிலிருந்து மூன்றாவது பக்கத்தில் மட்டும் கை வைத்தேன். உன் சிவப்பு எழுத்தை மட்டும் எடுத்துவிடலாம் என்று, வெள்ளைத் துணியில் கறை போக்கும் மருந்தைப் பஞ்சில் தொட்டு மெல்ல மெல்ல ஒற்றினேன். ரேடியோ வேலை செய்த கைதானே, நடுங்காது என்று நினைத்தேன். சிவப்புப் போனது. கூடவே என் நீலமும் போய்விட்டது. ஹூவும் இல்லை, யாரும் இல்லை, திகதியும் இல்லை. வெயிலில் காயவைத்து ஒட்டாமல் எடுத்திருக்கிறேன், தாள் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது.

அந்த வெறும் பக்கம் உன் ராத்தாவுடையது. அவள் பெயர் ஸுமையா. அதில் எதையும் எழுதாதே.